ஐந்தரை மணிக் குட்டிகள்

ஜனவரி 7

இது போன வருட டைரி. கிழமைகள் ஒன்று தள்ளியிருக்கின்றன. டைரி செவ்வாய் என்கிறது, இன்று புதன். ஓசியில் வந்ததற்குக் கிழமை வேறு சரியாக இருக்க வேண்டுமா?

கொடுத்தவள் ஜெனிட்டா. எங்கள் உயிரியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற தூத்துக்குடிப் பெண். நான் அங்கே விலங்குக்கூடத்தில் உதவியாளர். எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, பதிவேடு எழுதுவது என் வேலை. ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலைதான்.

பதிவேட்டில்தான் இன்று சண்டை. "ஏழாம் எண் இன்று முகம் வாடியிருக்கிறாள்" என்று எழுதியிருந்தேன். வாடித்தான் இருந்தாள். ஜெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"லோசனியக்கா, எத்தன கிராம், எத்தன மணி. அவ்வளவுதான் இதுல எழுதணும். முகம் வாடிச்சு, மனசு சரியில்லன்னு எழுதுனா சார் என்னயத்தான் பிடிப்பாரு. அதெல்லாம் எழுதணும்னு தோணுச்சுன்னா இதுல எழுதுங்க" என்று இந்த டைரியைத் தந்தாள்.

ஆகட்டும். அங்கே கிராம், இங்கே முகம்.

ஜனவரி 8

பன்னிரண்டு எலிகள். எல்லாம் சினையானவை. ஆனால் எனக்குச் சினை என்று சொல்ல வாய் வருவதில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் என்றே சொல்கிறேன். ஜெனிட்டா சிரிக்கிறாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. மங்கிய சிவப்பு விளக்கு ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் எரிகிறது. உள்ளே போனால் பகலா இரவா என்று எனக்கே குழம்புகிறது. ஒன்று முதல் ஆறு வரை கூண்டுகளுக்கு ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை தீனி. அது ஜெனிட்டாவின் பொறுப்பு. ஏழு முதல் பன்னிரண்டு வரை பகல் பத்திலிருந்து இரண்டு வரை. அது என் பொறுப்பு; விடுமுறை நாளில் மட்டும் அதையும் ஜெனிட்டாவே பார்த்துக்கொள்வாள். இரண்டு மணி அடித்தால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பருக்கைகூட உள்ளே இருக்கக்கூடாது.

எதற்கு இந்தக் கொடுமை என்று கேட்டேன்.

"கொடுமை இல்லக்கா. நாலு மணி நேரத்துல வேண்டிய மட்டும் தின்னுக்கும். எடை பாக்கோம்லா? நமக்கெல்லாம் உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. எப்ப முழிக்கணும், எப்ப தூங்கணும்னு அதுதான் சொல்லும். வயித்துல இருக்க குட்டிக்கு அந்தக் கடிகாரத்த யாரு திருப்பி வைக்காங்கன்னு பாக்கேன். உள்ள ஜன்னல் கிடையாது. வெயிலு தெரியாது. அம்மா எப்ப சாப்பிடுதாளோ அதுதான் மணி. பொறந்தப்பறம் பால்லயும் அப்படித்தான் போகும்னு நெனைக்கேன். நிரூபிக்கணும்."

ஜூனோடு அவளுக்கு உதவித்தொகை முடிகிறது. அதற்குள் நிரூபிக்க வேண்டும்.

சாயங்காலம் கதவைப் பூட்டப் போனபோது ஏழாம் எண் காலித் தீனித்தட்டை நக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வாசலைக் கடந்து போனால், அடுப்பில் இருப்பதில் ஒரு வாய் கொடுத்துத்தான் அனுப்புவோம். அவள் கேட்க வேண்டும் என்றில்லை.

பூட்டிவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜனவரி 9

பொட்டுக்கடலை கால் கிலோ வாங்கினேன். பஸ்ஸில் கொறிக்க.

ஜனவரி 11

ஞாயிறு, விடுமுறை. குடையைத் துறையில் மறந்துவிட்டேன். போய் எடுத்துவந்தேன். மழைக்காலம் இல்லைதான். ஆனாலும் குடை குடைதானே.

ஜனவரி 13

பொட்டுக்கடலை கால் கிலோ. பஸ்ஸில் கொறிப்பது அதிகமாகிவிட்டது.

ஜனவரி 16

பொங்கலுக்கு மறுநாள் என்பதால் திருமங்கலம் போய் அங்கையைப் பார்த்துவந்தேன். முழுப்பெயர் அங்கயற்கண்ணி. என் ஒரே மகள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். இது ஐந்தாம் மாதம்.

பெயிண்ட் கடை வைத்திருக்கும் குடும்பம், நல்ல குடும்பம். மாப்பிள்ளை சுதாகர் சிகரெட்கூடப் பிடிப்பதில்லை. சம்பந்தியம்மா தனபாக்கியம் மதினி என்னை நிற்க வைத்துப் பேசுகிற ரகம் இல்லை. போனதும் காபி, வரும்போது கரும்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வழக்கம். கடை சாத்தி, கடைச் சாவி வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாடு. முதலில் ஆண்கள். பிறகு மதினி. பிறகு அங்கை. சாவி வருவதற்கே ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அவள் தட்டின் முன்னால் உட்காரும்போது பத்தரை, பதினொன்று. காலையிலும் கடை திறந்து முதல் வியாபாரம் ஆன செய்தி வந்த பிறகுதான்.

கொல்லைப்புறம் துணி எடுக்கப் போனபோது கேட்டேன்.

"பசிக்காதாடி?"

"பசிக்கும்தான். அப்புறம் மரத்துப்போயிரும்." உடனே சிரித்தாள். "பதினோரு மணிக்கு மேலதாம்மா உள்ள ஆடுது. அதுவரைக்கும் கம்முனு இருக்கு. சோறு உள்ள போனதும் எந்திரிச்சு உக்காந்துக்குது போல."

மதினியிடம் சொல்லலாம் என்றுதான் கூடத்துக்கு வந்தேன். அவர் கரும்பை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல மனுசியிடம் என்னவென்று ஆரம்பிப்பது? கரும்பு கனமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 18

ஞாயிறு. இன்று மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன். அதே பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். அந்தப் பக்கத்துக்கு வேறு பஸ் இல்லை.

ஜனவரி 20

எடை பார்த்தோம். எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு எல்லாம் கணக்காக ஏறியிருக்கின்றன. பட்டினி கிடந்ததாக ஒன்றுமே தெரியவில்லை. ஏழும் பதினொன்றும் மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதல். ஜெனிட்டா தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே எடை.

"இது ரெண்டும் ஏன்க்கா இப்படி?"

"நல்ல வம்சமா இருக்கும்" என்றேன்.

ஜனவரி 24

ஏழாம் எண்ணுக்குப் பத்துக் குட்டிகள்! காலையில் போனபோதே கீச்சுக் குரல். சுண்டுவிரல் நுனி அளவு, ரோஜா நிறம், கண் திறக்கவில்லை. வயிற்றில் பால் வெள்ளையாக வெளியே தெரிகிறது. ஜெனிட்டாவும் நானும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். எனக்குக் கண் கலங்கியது. அவளுக்கும்தான், தூசி என்றாள்.

ஜனவரி 25

பதினொன்றுக்கு எட்டு. மற்றவர்களுக்கும் ஆகிவிட்டது. பன்னிரண்டு வீட்டிலும் தொட்டில்.

பால் கொடுக்கிறவளுக்குப் பசி இரட்டிப்பு. இதை எனக்கு யாரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை.

இன்றும் ஞாயிறு. எதை மறந்தேன் என்று எழுத அலுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 2

பொட்டுக்கடலை அரை கிலோ.

பிப்ரவரி 6

அங்கையை மருத்துவமனையில் பார்த்திருக்கிறார்கள். ஆறாம் மாதத்துக்கு எடை போதாது, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். மதினி உடனே பேரீச்சம்பழமும் சத்துமாவும் வாங்கிவைத்திருக்கிறார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்கன்னு அத்தைகிட்டச் சொன்னியா?"

"அத்தையும் கூடத்தாம்மா வந்தாங்க. அவங்களும் கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சாவி வரணும்ல."

வளைகாப்பு மார்ச் கடைசியில். ஒன்பதாம் மாதம்தான் அனுப்புவோம் என்று அப்போதே பேசிவிட்டார்கள். அதுவரை அங்கேதான். நான் போனில் "ம்" என்றேன். நாற்பத்தேழு வயதில் நான் நன்றாகப் பழகிவைத்திருக்கும் ஒரே சொல் அது.

என் மாமியார் வீட்டில், அங்கை வயிற்றில் இருந்தபோது நான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 15

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தோம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூண்டில், ஓடுவதற்குச் சக்கரம் வைத்து, பக்கத்து இருட்டறையில் விட்டிருக்கிறது. எப்போது எழுந்து ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். எந்த மணியும் தெரியக்கூடாது என்பதற்காகத் தீனியை ஜெனிட்டாவே நினைத்த நேரத்தில் போடுகிறாள். அந்த அறைக்குள் எனக்கு வேலை இல்லை.

ஏழாம் எண் மூலையில் சுருண்டு கிடந்தாள். பதிவேட்டில் எழுதவில்லை.

பிப்ரவரி 27

ஜெனிட்டா என்னை இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். கறுப்புக் கோடுகள். கோடு தடிப்பாக இருந்தால் குட்டி ஓடுகிறது என்று அர்த்தம்.

"இது ராத்திரி சாப்பிட்டவங்க புள்ளைங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு எந்திரிக்கி. இது பகல் சாப்பிட்டவங்க புள்ளைங்க. காலைல ஒம்பதுக்கு! ஒருத்தரும் இதுங்களுக்கு மணி சொல்லல. வெளிச்சம் கிடையாது. அம்மா பக்கத்துல இல்ல. ஆனாலும் அம்மாவோட சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிச்சு ஓடுது பாருங்கக்கா. அம்மாவோட மணிய உடம்புல வாங்கிட்டு வந்துருக்கு."

நான் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புவரை அங்கையைக் காலையில் எழுப்புவதற்குள் நான் படாத பாடு இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். கும்பகர்ணி என்று திட்டியிருக்கிறேன். ஒருதடவை முகத்தில் தண்ணீர்கூட ஊற்றியிருக்கிறேன்.

"மனுசப் புள்ளைக்கும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரேயடியா சொல்ல முடியாதுக்கா. எலி வேற, நாம வேற. மனுசனுக்கு நூறு காரணம் இருக்கும்."

சொல்ல முடியாது என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 2

ஜெனிட்டா காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஏழு, பதினொன்று இரண்டு கூண்டுக் குட்டிகளின் கோடுகள் மட்டும் வேறு மாதிரி இருக்கின்றன. காலை ஒன்பதுக்கு எழுந்து ஓடுகின்றன, சரி. பிறகு படுத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி எழுந்து ஓடுகின்றன. ஐந்தரைக்கு உச்சம். பதினெட்டுக் குட்டிகளும் அப்படியே.

"அஞ்சரைக்கு என்னக்கா நடக்குது நம்ம டிபார்ட்மெண்ட்ல?"

"வாட்ச்மேன் மாறுற நேரம்" என்றேன். பொய் இல்லை. அவர் ஐந்தரைக்குத்தான் மாறுகிறார்.

மார்ச் 3

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கதவுச் சத்தமா என்று பார்த்தார்கள். ஏ.சி. மெக்கானிக் வந்து போனார். என்ன சத்தமானாலும் இரண்டு கூண்டுக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?

பொட்டுக்கடலை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மார்ச் 4

பேராசிரியர் கோமதிநாயகம் அறையில் ஜெனிட்டாவை நிற்க வைத்துப் பேசினார். கதவு மூடியிருந்தாலும் வராந்தாவைத் துடைக்கிறவளுக்குக் கேட்கும்.

"ஒண்ணு நீ கூண்டு நம்பரை மாத்திப் போட்டிருக்கணும். இல்லைன்னா கம்ப்யூட்டர்ல கைவச்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. காரணம் தெரியாம இந்த ரெண்டை மட்டும் தூக்கிப் போட முடியாது. மொத்தப் பகல் பிரிவையும் நம்ப முடியாது. முதல்லருந்து பண்ணு."

முதலிலிருந்து செய்ய ஜூனுக்குள் நேரம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

வெளியே வந்து விலங்குக்கூடத்துப் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போய் முதுகைத் தடவினேன். தடவிய கை எதுவென்று எனக்குத் தெரியும்.

"குட்டிங்க பொய் சொல்லாதுக்கா. அஞ்சரைக்கு எதுவோ நடந்துருக்கு. எனக்குத் தெரியாம ஏதோ நடந்துருக்கு" என்றாள்.

மார்ச் 5

ஒப்பந்தக்காரர்களில் பத்து வருடம் ஆனவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். எனக்கு ஆகஸ்டில் பத்து வருடம். என் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடம், இந்த வேலையில்தான் அங்கையைப் படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன். இதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6

சொல்லிவிட்டேன்.

காலையில் ஜெனிட்டா ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். கூண்டு எண்ணைக் கவனக்குறைவால் மாற்றிவிட்டதாக அவளே ஒப்புக்கொண்டு. செய்யாத தப்பு. "எதையாச்சும் ஒத்துக்கிட்டாத்தான் நாலு கூண்டையாவது விடுவாருக்கா" என்றாள்.

"அத அடிக்காதே. ஏழுக்கும் பதினொண்ணுக்கும் நான்தான் சாயங்காலம் பொட்டுக்கடலை போட்டேன். தெனமும் ஆளுக்கு ஒரு கைப்பிடி. ஞாயித்துக்கிழமையும் வந்து போட்டேன். குட்டிங்களப் பிரிக்கிற அன்னிக்கு வரைக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. பிறகு எழுந்து நின்றாள்.

"ஏன்க்கா?"

"பாவமா இருந்துச்சு."

"பாவமா? மூணு வருசம்க்கா! வீட்டுக்குப் போகாம, ராத்திரி ராத்திரியா இந்தச் செவப்பு வெளிச்சத்துல உக்காந்து... எலிமேல பாவம் பாத்தீங்க. நாலு நாளா உங்க கண்ணு முன்னாடி அழுதுட்டு இருந்தேனே, என்மேல யாரு பாவம் பாத்தா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகும் விடாமல் சொன்னேன், "அது ரெண்டும்தான் கம்பிகிட்ட வந்து நிக்கும் ஜெனிட்டா. என்னயவே பாத்துக்கிட்டு. பசிச்சு நிக்கிறவளத் தாண்டி எப்படிப் போறது?"

"பசிச்சு நிக்கல. நாலு மணி நேரத்துல வயிறு நெறஞ்சிரும்னு சொன்னேன், எடையும் காட்டுனேன். மொத நாள் நீங்க போட்டீங்க. அதனால அடுத்த நாள் வந்து நின்னுச்சு. நீங்க வர்ற மணி அதுக்குத் தெரிஞ்சிட்டு. கேட்டா கெடைக்கும்னு தெரிஞ்சதாலதான் அது கேட்டுச்சு."

அவள் விஞ்ஞானம் பேசினாள். எனக்கு அது வேறெங்கோ போய் விழுந்தது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தது எலிக்கு. என் மகள் கேட்கவே இல்லை. கேட்டால் கிடைக்கும் என்பதை அவளுக்கு யார் காட்டினார்கள்? அவள் கேட்காமல் பதினொரு மணிவரை நிற்கிறாள். எடை போதாது என்று டாக்டர் சொல்லியும் நான் "ம்" என்றுவிட்டு, கடலையை வாங்கிக்கொண்டு, வயிறு நிறைந்த எலியிடம் ஓடியிருக்கிறேன். அங்கைக்குப் போட வேண்டியதை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். எலி வீட்டில் எனக்குச் சம்பந்தி யாரும் இல்லையே. வாய் திறந்து பேச வேண்டியதில்லையே.

ஜெனிட்டா கடிதத்தை அழித்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள், "தேதி, நேரம் சரியா தெரியுமா?"

"ஆறு மணி பஸ்ஸ நான் விட்டதே இல்ல. அஞ்சரைக்குப் போட்டாத்தான் பஸ்ஸப் பிடிக்க முடியும்."

"ஒருநாள்கூடத் தப்பலயா?"

"பொங்கலுக்கு மூணு நாள் வரல."

"எனக்கு எழுதிக் கொடுங்க. கையெழுத்தோட."

எழுதிக்கொண்டு நானே பேராசிரியர் அறைக்குப் போனேன். அவள் கூட வந்தாள். அவர் சத்தம் போடவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

"படிச்ச பொம்பளதானேம்மா நீங்க? உங்களால ஒரு பொண்ணு வாழ்க்கை போயிருக்கும். நான் இவளத் திருடின்னு நெனச்சேன்."

"ஆமா சார்" என்றேன். அதைத் தவிர எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும்.

மார்ச் 9

முடிவு வந்துவிட்டது. காரணம் தெரிந்ததால் மற்ற நாலு கூண்டும் செல்லும். ஏழும் பதினொன்றும் கழிந்தன. அவற்றுக்குப் பதில் இரண்டு எலிகளை மட்டும் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். ஜூனுக்குள் முடியும், மூச்சு விடாமல் செய்தால். நடந்ததை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இனி விலங்குக்கூடத்துக்குள் போக அனுமதி இல்லை. துறைத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். நிரந்தரப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கப் பேராசிரியர் கையெழுத்துப் போட மாட்டார். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஜெனிட்டா என்னோடு பேசுவதில்லை. அவள் கோபம் நியாயம். நான் போய் மன்னிப்பு மன்னிப்பு என்று பின்னால் அலைந்தால், அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவளுக்கு வைக்கக்கூடாது.

மார்ச் 11

தண்ணீர் விட்டேன். செம்பருத்தி நான்கு.

மார்ச் 12

வியாழன். அரை நாள் விடுப்பு போட்டுத் திருமங்கலம் போனேன். விசேஷம் எதுவும் இல்லை. கையில் பலகாரமும் இல்லை. மதினிக்கு ஆச்சரியம்.

"என்ன மதினி, திடுதிப்புன்னு? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல. வாங்க, உக்காருங்க."

காபி வந்தது. வளைகாப்புக்கு எத்தனை பேர், என்ன சாதம் என்று பேசினோம். அங்கை மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. ஏழு மணி ஆனது. அடுக்களையில் சமையல் முடிந்து எல்லாம் மூடி வைத்தாயிற்று. குழம்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. அங்கை எச்சில் விழுங்குவதை நான் பார்த்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடலாம் போலிருந்தது. எழுந்துகொள்ளாமல் சொன்னேன்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. எடுத்துக்கிட்டாலும் பரவாயில்ல. அங்கைக்குப் பசிக்குது."

அங்கை வெங்காயத்தைக் கீழே போட்டாள். "அம்மா!"

"நீ சும்மா இரு. மதினி, அவளுக்கு ஏழு மணிக்கே பசிக்குது. பதினோரு மணி வரைக்கும் தாங்கிக்கிட்டு இருக்கா. உள்ள இருக்கிற புள்ளைக்கு ஜன்னல் கிடையாது. இவ எப்ப சாப்பிடுறாளோ அதுதான் அதுக்குப் பொழுது. நான் இவளை வயித்துல வச்சுக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சாப்பிட்டேன். எங்க மாமியாகிட்டக் கேக்க எனக்கு ஆளு இல்ல. இவளுக்கு நான் இருக்கேன். அதான் கேக்குறேன். இவளுக்கு இப்ப சோறு போடுங்க."

அவ்வளவுதான், வளைகாப்பு நின்றுபோகும் என்று நினைத்தேன்.

"சாவி வரலயே மதினி" என்றார். சண்டைக் குரலில் இல்லை. அதிகாரியிடம் விதியை எடுத்துச் சொல்கிற குமாஸ்தா போல.

"வரட்டும். வந்து அது பாட்டுக்குச் சாமி முன்னாடி இருக்கட்டும். புள்ள அதுவரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

அவர் மூடி வைத்த பாத்திரங்கள் பக்கம் பார்த்தார். பிறகு அங்கையை. பிறகு என்னை.

"இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருசமாச்சு. ரெண்டு புள்ள பெத்தேன். ரெண்டு தடவையும் எங்கம்மா இதே எடத்துல வந்து உக்காந்து, காபி குடிச்சிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிரும்." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "எனக்கும் ஏழு மணிக்குத்தான் பசிக்கும் மதினி."

எழுந்து போனார். தட்டுகளின் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும். அங்கை தலையை நிமிர்த்தவே இல்லை. மதினி தன் தட்டிலிருந்த அப்பளத்தையும் அவள் தட்டில் வைத்தார். நான் அழுதேன். மறைக்கவில்லை. குழம்பு காரம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்குச் சம்பந்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நான் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். பஸ் போய்விட்டது, இன்று இங்கேதான் தங்கல். சம்பந்தி கையில் சாவியோடு சாமி படத்தருகே போனார். வழக்கமாக அந்நேரம் அங்கை தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள் போல. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாங்க சாப்பிட்டாச்சு. நீங்க கையக் கழுவிட்டு வாங்க" என்றார் மதினி.

அவர் சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றார். எதையோ கேட்க வாயெடுத்தவர் மதினி முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளைதான் கேட்டார், "அங்கை எங்கம்மா?"

"மெதுவாப் பேசு" என்றார் மதினி. "தூங்கிட்டா."